வந்துச்சா, வரலையா?

2024 மே மாதம். இங்கே நியூ ஜெர்சியில் இரவு பதினொன்றரை. காலையில் ஆபீசில் ஒரு ரிலீஸ் இருந்ததால் நேரத்தோடு படுக்கலாம் என்று விளக்கை அணைத்தேன். வாட்ஸப் அலறியது. ஊரில் அப்போது காலை ஒன்பது மணி. அப்பா.

"டேய், போர் மோட்டாரு ரெடி ஆயிடுச்சு. கடையிலதான் நிக்கறேன். ஆறாயிரத்து ஐநூறு கேக்கறான். என் போன்ல ஏதோ மக்கர் பண்ணுது, நீ போட்டு உட்ரு."

எங்கள் ஊர் வெதுருகுப்பம் பக்கம், சித்தூர் ஜில்லா. (வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். அதோடு ஒரு குப்பம். எல்லையில் இருக்கும் எங்கள் பேச்சும் இப்படிப் பாதிக்குப் பாதிதான்.) மே மாத வெயிலில் போர் மோட்டார் காயில் எரிந்து போனால் என்ன ஆகும் என்று விவசாயம் செய்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் கரும்பு காய்கிற நாள். ஆள் வைத்துக் குழாயோடு மேலே இழுத்து, ஆட்டோவில் போட்டு, புத்தூருக்குக் கொண்டு போய் ரீவைண்டிங் செய்து, அன்றைக்குத்தான் கையில் கிடைக்கிற நேரம்.

கடையில் க்யூஆர் அட்டைக்குக் கீழே எழுதியிருந்த ஐடியை அப்பா அனுப்பினார். என்.ஆர்.இ. கணக்கை வெளிநாட்டு மொபைல் நம்பரோடு யூபிஐயில் இணைத்துக் கொள்ளலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதி கொடுத்தார்கள். நானும் இணைத்து வைத்திருந்தேன். ஐடியைப் போட்டேன், பின் நம்பரைத் தட்டினேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்றது.

முயன்றேன். இன்னொரு தடவை ஆறாயிரத்து ஐநூறு. இப்போதும் சக்கரம், அதே வாசகம். அதற்குள் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள், பணம் கழிக்கப்பட்டது என்று. இரண்டு முறையும்.

கடையிலோ அந்த ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "அயிந்தா அண்ணா?" என்று கேட்கிறார். அப்பா என்னைக் கேட்கிறார், "வந்துச்சா, வரலையா?" நான் ஆப்பைக் கேட்கிறேன். ஆப் யாரைக் கேட்டதோ தெரியாது.

ஊர் நேரம் பதினொன்றைத் தாண்டிய பிறகு ஸ்பீக்கர் அடுத்தடுத்து இரண்டு தடவை கத்தியது. கடைக்காரர் சிரித்துவிட்டு, கூட வந்த ஆறாயிரத்து ஐநூறை அப்பா கையில் நோட்டாகவே கொடுத்து மோட்டாரையும் ஏற்றி அனுப்பினார். பணம் எங்கும் போகவில்லை. எல்லாம் சுபம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது சுபமாக இல்லை. "ரெண்டு மணி நேரம் காசு குடுக்காத திருடன் மாதிரி நின்னேன்டா. தெரிஞ்சவன் நாலு பேரு வந்துட்டுப் போறான்."

இருபது வருஷமாக நான் பொட்டி தட்டுவது இந்த மாதிரி அழைப்புகளை எழுதித்தான். ஒரு சிஸ்டம் இன்னொரு சிஸ்டத்தைக் கூப்பிடுவது, பதில் வாங்குவது. அதனால் அந்தப் பேச்சு அப்பாவை விட எனக்குத்தான் அதிகம் சுட்டது. அங்கே நடந்தது என்ன, தப்பு எங்கே என்று எனக்குப் பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். பொட்டி தட்டாதவர்களும் படிக்கலாம். ஊருக்குப் பணம் அனுப்பும் எல்லோருக்குமான கதைதான் இது.

கொஞ்சம் கொசுவத்தி

சித்தப்பா மெட்ராசில் வேலை பார்த்தார். மாசா மாசம் எங்கள் பாட்டிக்கு மணியார்டர் அனுப்புவார். தபாலாபீஸ் கவுண்டரில் பணத்தைக் கட்டியதும் ஒரு ரசீது கொடுப்பார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கும். அந்த ரசீதுக்கு என்ன அர்த்தம்? "உன்னிடம் பணம் வாங்கிக்கொண்டோம்" என்பது மட்டும்தான். "உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம்" என்று அர்த்தம் இல்லை.

ஊரில் போஸ்ட்மேன் வந்து பாட்டியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். பாட்டி கைநாட்டு வைத்த அந்தத் துண்டு திரும்பவும் மெட்ராசுக்குப் பயணம் செய்து சித்தப்பா கைக்கு வரும். அதற்குத்தான் "கொடுத்தாகிவிட்டது" என்று அர்த்தம்.

சித்தப்பா ரூமில் இரண்டு கம்பி மாட்டியிருப்பார், கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி. கவுண்டர் ரசீது வந்தால் முதல் கம்பியில். கைநாட்டுத் துண்டு வந்ததும் நம்பரைப் பார்த்து, முதல் கம்பியிலிருந்து ஜோடி ரசீதை உருவி, இரண்டையும் சேர்த்து இரண்டாவது கம்பியில் குத்துவார். முதல் கம்பியில் மிச்சம் இருப்பதெல்லாம் இன்னும் பதில் வராதவை. நாள் ரொம்ப ஆனால் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய்க் கேட்பார். பதில் வரவில்லை என்பதற்காக இன்னொரு மணியார்டர் கட்டியதே இல்லை.

நான் கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்கா வந்து, கனமான புத்தகங்களில் தெரிந்துகொண்ட பாடம் முழுக்க அந்த இரண்டு கம்பியில் இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காத்திருக்கும் அழைப்பு, காத்திருக்காத அழைப்பு

ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிட இரண்டு வழி உண்டு. ஒன்று, போன் பேசுவது போல. கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காதில் வைத்துக்கொண்டே நிற்பது. இது சிங்க்ரனஸ். எழுத எளிது, புரிய எளிது. எதிராளி உடனே பதில் சொல்கிற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. எதிராளி யோசிக்க ஆரம்பித்தால் நீங்களும் நிற்க வேண்டும், உங்களுக்குப் பின்னால் இருப்பவரும் நிற்க வேண்டும், வரிசை வாசல் வரை போய்விடும்.

இன்னொன்று, மணியார்டர் போல. கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவது. பதில் தனியாக, வேறொரு நேரத்தில், வேறொரு பயணமாக வரும். இதுதான் அசின்க்ரனஸ். (பெயரைக் கேட்டு அசிங்கம் என்று நினைக்க வேண்டாம் :-) ) கேள்வியும் பதிலும் ஒரே கயிற்றில் கட்டப்படாமல் தனித்தனியே அவிழ்த்துவிடப்படுகின்றன.

பதில் தனியாக வர வேண்டுமானால் மூன்று விஷயம் தேவை. பதிலை எங்கே அனுப்புவது என்ற விலாசம். எந்தக் கேள்விக்கான பதில் இது என்று பொருத்திப் பார்க்க ஒரு நம்பர். எவ்வளவு நாள் பார்ப்பது என்ற கெடு.

விலாசத்துக்கும் நம்மிடம் பழைய உதாரணம் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் போன் நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டில் போன் இருக்காது, பக்கத்து வீட்டு நம்பர் அது. கூப்பிட்டு, "கொஞ்சம் சொல்லிடுங்க, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி பண்றேன்" என்று வைத்துவிடுவார்கள். ஒரு பொடியன் ஓடி வந்து நம்மைக் கூட்டிப்போவான். பக்கத்து வீட்டு மாமி போனை எடுத்ததனால் நம்மோடு பேசியாகிவிட்டது என்று ஆகிவிடுமா? ஆகாது. அது தெரிந்துதான் எல்லோரும் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள்.

வெப் சர்வீஸ் உலகமும் இதே வழியில்தான் வந்தது. 2000-ல் சோப் 1.1 வெளிவந்தது. (குளிக்கிற சோப் இல்லை, புரோகிராம்கள் எக்ஸ்.எம்.எல். கடிதம் போட்டுக்கொள்ளும் முறை.) பெரும்பாலோர் அதை எச்.டி.டி.பி. மேல் ஏற்றி போன் பேசுவது போலவே பயன்படுத்தினார்கள். கேள்வியும் பதிலும் ஒரே இணைப்பில். பத்து நிமிஷம் பிடிக்கிற வேலைக்குப் பத்து நிமிஷம் இணைப்பைத் திறந்து வைக்க முடியாது, நடுவில் எவனாவது வெட்டிவிடுவான். அதனால் 2006-ல் டபிள்யூ3சி, டபிள்யூ.எஸ். அட்ரஸிங் என்ற தரத்தை வெளியிட்டது. உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கடிதத்தின் நம்பர், பதில் போட வேண்டிய விலாசம், இது எந்த நம்பர் கடிதத்துக்குப் பதில் என்ற குறிப்பு. மணியார்டர் பாரமேதான்.

எச்.டி.டி.பி.யிலும் இதற்கென்று ஒரு எண் 1996-லிருந்தே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: 202. 200 என்றால் ஆயிற்று. 202 என்றால் வாங்கி வைத்துக்கொண்டேன், இன்னும் ஆகவில்லை, ஆகாமலும் போகலாம். ஊர்ப் பணம் மாட்டிக்கொள்வதெல்லாம் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான்.

யூபிஐக்குள் என்ன நடக்கிறது

யூபிஐ 2016 ஏப்ரல் 11-ல் மும்பையில் அறிமுகமானது. அதை நடத்துவது நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக என்பிசிஐ. அதன் தொழில்நுட்பக் குறிப்பேட்டில் ஒரு முடிவு ஆரம்பத்திலேயே எடுத்திருக்கிறார்கள். எல்லா அழைப்புகளும் அசின்க்ரனஸ். கேட்பவர் தனக்கென ஒரு தனி நம்பரோடு கேட்க வேண்டும், பதில் வாங்கத் தனியாக ஒரு வாசல் திறந்து வைத்திருக்க வேண்டும். அனுப்பும் கோரிக்கைக்குப் பெயர் ரெக்பே. உடனே கிடைப்பது வெறும் ஏற்புச் சீட்டு. உண்மையான பதிலின் பெயர் ரெஸ்ப்பே, அது பின்னால் தனியாக வரும்.

ஏன் இப்படி? நான் ஒரு பொத்தானை அழுத்தியதும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். என் ஆப் என்பிசிஐயிடம் சொல்கிறது. என்பிசிஐ கடைக்காரர் பக்கம் போய், இந்த ஐடி எந்தக் கணக்கு என்று கேட்டு வாங்குகிறது. பிறகு என் வங்கியிடம் பணத்தைக் கழிக்கச் சொல்கிறது. கழித்த பதில் வந்ததும் கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. அந்தப் பதிலும் வந்த பிறகு என் ஆப்புக்கு ஒரு செய்தி, அவர் ஆப்புக்கு ஒரு செய்தி. அந்த ஆப் கம்பெனி கடையில் இருக்கும் ஸ்பீக்கருக்குச் சொல்கிறது. அந்தப் பெட்டிக்குள் தனி சிம் கார்டு. புத்தூர் பஜாரில் அன்றைக்கு சிக்னல் எப்படியோ அப்படி.

இதில் யாராவது ஒருவர் மெதுவானால் எல்லோரும் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பது நடக்காத காரியம். 2025 ஆகஸ்டில் மட்டும் யூபிஐயில் 2000 கோடி பரிவர்த்தனைகளுக்கு மேல் நடந்தன. ஒரே மாசத்தில். நின்று பேசும் முறையில் இருந்திருந்தால் இது என்றைக்கோ படுத்திருக்கும். பொருள் வாங்க விற்க 2022 ஏப்ரலில் கோவை உட்பட ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஓஎன்டிசியும் இதே வழியைத்தான் எடுத்தது. தேடு என்று ஒரு அழைப்பு, உடனே ஒரு ஏற்பு, தேடிய பதில் பின்னால் வேறொரு அழைப்பாக வரும்.

ஆக, என் கருத்து முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். அப்பா இரண்டு மணி நேரம் நின்றதற்குக் காரணம் அசின்க்ரனஸ் முறை இல்லை. அந்த முறை சரியானது. அதன் மேல் நாம் பூசும் பொய்தான் காரணம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால்

பதில் வரவில்லை என்றால் கேட்க ஒரு வழி வேண்டும். யூபிஐயில் அதற்கும் ஒரு அழைப்பு உண்டு, பரிவர்த்தனை நிலையை விசாரிப்பது. சித்தப்பா ரசீதோடு தபாலாபீசுக்குப் போன மாதிரி.

2025 ஏப்ரல் 12-ந்தேதி இந்தியா முழுக்க யூபிஐ சில மணி நேரம் தள்ளாடியது. அதற்கு முன் மார்ச் 26-லும் ஒரு தடவை தடங்கல். ஏப்ரல் சம்பவத்தை ஆராய்ந்த என்பிசிஐ சொன்ன காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சில வங்கிகள் இந்த "ஆச்சா?" அழைப்பை விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கின்றன, பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட. கேள்விகளின் பாரத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். பதில் தாமதமாகிறது. அதனால் கேட்கிறோம். கேட்பதனால் இன்னும் தாமதமாகிறது. அதனால் இன்னும் கேட்கிறோம். ஒரே தபாலாபீசில் ஊரே வந்து "என் மணியார்டர் போச்சா?" என்று கவுண்டரை மறித்து நின்றால் மணியார்டரை யார் அனுப்புவது?

அதற்கப்புறம் கட்டுப்பாடுகள் வந்தன. 2025 ஜூனில் பணம் செலுத்தும் அழைப்புக்கான பதில் கெடு 30 வினாடியிலிருந்து 15 வினாடியாகவும், நிலை விசாரிப்புக்கு 30-லிருந்து 10 வினாடியாகவும் குறைந்தது. ஆகஸ்டு முதல், முடியாமல் நிற்கும் பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைதான் கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 90 வினாடி இடைவெளி. கணக்கு இருப்பு பார்ப்பதுகூட ஒரு ஆப்பில் நாளைக்கு 50 முறை என்று வரம்பு.

இந்தக் கட்டுப்பாடு நல்லதே. ஆனால் பாதி மருந்துதான் என்பது என் எண்ணம். கேட்பவனுக்கு வாய்ப்பூட்டு போட்டாயிற்று. பதில் சொல்ல வேண்டியவன் சொல்லாமல் இருந்தால்? தொணதொணவென்று கேட்கிறவன் பின்னால் எப்போதும் பதில் சொல்லாத ஒருவன் இருப்பான். வீட்டிலும் அப்படித்தான். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பண்ணாத பிள்ளையின் அம்மாதான் பத்து தடவை போன் பண்ணுவாள்.

எங்கே தப்பு

என் தொழில்காரர்களுக்குச் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது. நானும் இதையெல்லாம் செய்தவன்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலாவது, "தெரியாது" என்பதைத் "தோற்றுவிட்டது" என்று மொழிபெயர்க்காதீர்கள். அன்று என் திரையில் வந்த வாசகத்தை யாரோ ஒரு புரோகிராமர் எழுதியிருக்கிறார். இத்தனை வினாடியில் பதில் வரவில்லையென்றால் இந்த வாசகத்தைக் காட்டு என்று. அந்த நேரத்தில் அவருடைய புரோகிராமுக்குத் தெரிந்த உண்மை என்ன? "அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை." அதைச் சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேன். தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும் என்றால் எவன் காத்திருப்பான்? பிழைச் செய்தி எழுதுவது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வேலை. ரிலீசுக்கு முந்தின நாள் டேமேஜர் ஜூனியர் பையனிடம் தள்ளிவிடுகிற ஆணி. ஆனால் ஆறாயிரத்து ஐநூறு இரண்டு தடவை போனது அந்த ஒரு வரியால்.

இரண்டாவது, ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் ஒரு முறைதான் நடக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். யூபிஐயிலும் அதற்குத்தான் அந்தத் தனி நம்பர். அதே நம்பரோடு அதே கோரிக்கை மறுபடி வந்தால், இது ஏற்கெனவே வந்ததுதான் என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் இந்தக் காவல் இயந்திரம் மறுபடி அனுப்பும்போது மட்டும்தான். மனுஷன் பதறிப்போய் இரண்டாம் முறை பொத்தானை அழுத்தினால் அது புது நம்பர், புதுக் கோரிக்கை. எல்லாக் காவலையும் தாண்டி ஜம்மென்று போய்விடும். அதே ஆளுக்கு, அதே தொகை, ஐந்து நிமிஷத்துக்குள், முந்தினதற்கு இன்னும் பதிலே வராத நிலையில் ஒருவன் அனுப்பினால், "முதலில் அனுப்பியது இன்னும் நிலுவையில் இருக்கிறது, இதையும் அனுப்பவா?" என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பாட்டி இரண்டு தடவை உப்பு போடப் போனால் பக்கத்தில் நிற்கிற குழந்தைகூடச் சொல்லும், போட்டாச்சு பாட்டி என்று.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பதிலைத் தனியே அவிழ்த்துவிடும்போது காத்திருக்கும் வேலை மறைந்துவிடுவதில்லை. இடம் மாறுகிறது. சர்வர் காத்திருக்க வேண்டாம் என்று நாம் ஏற்பாடு செய்தோம். சரி, அப்போது யார் காத்திருக்கிறார்கள்? அப்பா. புத்தூர் கடையில், பெஞ்சில்கூட உட்காராமல். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை போட்டது. யூபிஐயில் ஒருவருக்கு ஒருவர் அனுப்பி, பணம் கழிந்து வரவாகாமல் போனால், மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி உறுதி வராமல் போனால் ஐந்து நாளைக்குள். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நல்ல விதி, கேட்பாரில்லாமல் இருந்த இடத்தில் ஒரு கெடுவை வைத்த விதி. ஆனால் அது பணத்துக்கான கெடு. வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு எந்த விதியும் இல்லை. அதற்கு மருந்து நஷ்டஈடு இல்லை. "இரண்டு பேருக்கும் ஒரே நிலையைக் காட்டு" என்பதுதான். பணம் என் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது, வரவு வழியில் இருக்கிறது, தவறினால் இன்ன தேதிக்குள் எனக்கே திரும்பும் என்ற மூன்று வரி கடைக்காரர் போனிலும் வந்திருந்தால், அவர் "அயிந்தா?" என்று கேட்டிருக்க மாட்டார். அப்பாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருப்பார். என்னிடமிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரிகிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு மனிதன் திருடன் மாதிரி நிற்கிறான்.

"அரைகுறைத் தகவலைக் கடைக்காரருக்குக் காட்டினால் ஏமாற்றுக்காரர்கள் அதை வைத்து விளையாடுவார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பயம்தான். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிப் பொருளோடு போகிறவர்கள் இருப்பதால்தானே அந்த ஸ்பீக்கரே வந்தது. ஆனால் நான் கேட்பது அனுப்பியவன் காட்டும் படத்தை நம்புங்கள் என்பதல்ல. நடுவில் இருக்கும் சிஸ்டமே தனக்குத் தெரிந்த நிலையை இரண்டு பக்கமும் சொல்லட்டும் என்பதுதான். ஆகவில்லை என்பதை ஆகவில்லை என்றே சொல்லட்டும். மோட்டாரைக் கொடுப்பதும் கொடுக்காததும் கடைக்காரர் இஷ்டம். குறைந்தபட்சம் தெரிந்து முடிவு செய்வார்.

நம் பங்குக்கு

சிஸ்டம் எப்போது திருந்துமோ, நம் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் நானும் பேசி முடிவு செய்தோம். உங்களுக்கும் உதவினால் சந்தோஷம்.

வங்கியிலிருந்து பணம் கழிந்த செய்தி வந்துவிட்டால், ஆப் என்ன சொன்னாலும் சரி, இரண்டாம் தடவை அனுப்புவதில்லை. அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். ஒன்றரை நிமிஷம் கழித்து ஒரு தரம், அரை மணி கழித்து ஒரு தரம், அவ்வளவுதான் பார்ப்பது. அவசரம் என்றால் அப்பா கையில் வைத்திருக்கும் பணத்தைக் கொடுத்துவிடுவார், அதற்காகவே அலமாரியில் கொஞ்சம் நோட்டு வைத்திருக்கிறோம். இதெல்லாவற்றையும் விட முக்கியமாக, அனுப்பிய பிறகு நான் போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போவதில்லை. "போட்டுட்டேன்" என்று சொன்னால் என் வேலை முடிந்தது என்று முன்பெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கவுண்டர் ரசீது மட்டும்தான்.

அப்பா அவர் பங்குக்கு ஒன்று செய்கிறார். நான் அனுப்பும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைத் தினசரி காலண்டரில் அன்றைய தாளில் எழுதி வைப்பார். பணம் சேர்ந்ததும் அதை அடித்துவிட்டு எனக்கு ஒரு வரி: "வந்துச்சுடா." அடிக்காத தாளை மட்டும் கிழிக்க மாட்டார். சித்தப்பாவின் முதல் கம்பி எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது.

போன வாரம் ஆபீசில் ஒரு டிசைன் ரிவ்யூ. ஒரு பையன், ஆந்திராக்காரன்தான், "பதினைந்து செகண்டில் பதில் வரவில்லையென்றால் ஃபெயில்டு என்று காட்டிவிடலாம்" என்றான். புத்தூர் மோட்டார் கடைக் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பெண்டிங்னு போடறேன் சார்" என்றான். கொஞ்சம் யோசித்து, "எப்ப முடியும்னும் போடணும், இல்லையா?" என்று கேட்டான்.

போடு ராஜா. அதைத்தான் நானும் சொல்கிறேன்.